மூன்று கால்களும் இரண்டு தலைகளும்

என் சித்திக்கு ஆடுவது எதுவும் பிடிக்காது. ஆடும் நாற்காலி, ஆடும் மேசை, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே பேசும் மனிதர்கள், எல்லாவற்றின் மேலும் ஒரே அளவு எரிச்சல். அவள் பார்க்கும் வேலை அப்படி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். வரிசை வரிசையாக ஓடும் மெஷின்களில் எது தடதடத்தாலும் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். தைக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் டாக்டரம்மா.

டாக்டரம்மா வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டாள். டூல் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுப்பாள். முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மெஷின் பக்கத்தில் பலகைமேல் வைத்து, ஓட்டச் சொல்வாள். தண்ணீரில் ஓடும் வளையங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, “பெல்ட்டு” என்பாள், இல்லாவிட்டால் “பேரிங்கு” என்பாள். பாதி நேரம் சொன்னது சரியாக இருக்கும். மீதி நேரம் பெல்ட் என்று சொல்லிவிட்டு பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருப்பாள். கரண்டில் ஓடும் மெஷின் பக்கத்தில் தண்ணீரா என்று சூப்பர்வைசர் கரடியாய்க் கத்திப் பார்த்தார், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

நான் அவளுடைய அக்கா மகள். அவள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன், பார்சல் ஆபீசில் வேலை. பொறுமை என்ற ஒன்று எனக்குப் பிறவியிலேயே வைக்கப்படவில்லை. சித்தப்பா கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்மேல்தான் இருப்பார். அதனால் சித்தியோடு எங்கே போவதானாலும் நான்தான் துணை, நான்தான் ஸ்கூட்டர், திட்டு வாங்குவதும் நான்தான்.

போன வருஷம், நீண்ட நாள் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பரிசு என்று கம்பெனி அறிவித்தது. படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, பிடித்ததைக் காட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் சூட்கேஸ், சுவர்க் கடிகாரம், மிக்சி என்று விரல் வைத்தார்கள். சித்தி ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் மேல் விரல் வைத்தாள். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் குழாய் அது. பறவை பார்க்கிறவர்கள் வைத்திருப்பார்கள். சித்தி வாழ்நாளில் ஒரு பறவையையும் நின்று பார்த்தவள் இல்லை.

“இது எதுக்கு சித்தி உனக்கு?” என்றேன்.

“சுண்டுவப் பாக்க,” என்றாள்.

சுண்டு அவளுடைய ஒரே மகள். ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். வாய் மட்டும் நெட்டை. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைக்கும் ராட்சசக் கிரேன். மேலே கடல் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் நீளக் கையின் அடியில் ஒரு கண்ணாடிக் கேபின் தொங்கும், அதில்தான் ஆள் உட்கார வேண்டும். இந்த வேலைக்குப் போகிறேன் என்று சுண்டு சொன்னபோது சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஒரு வாரம் பேசவில்லை. “கீழ உக்காந்து பாக்குற வேலை ஒண்ணுகூடவா கிடைக்கல?” என்று என்னிடம்தான் புலம்பினாள். சுண்டு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பயிற்சிக்குப் போனாள், பாஸ் பண்ணினாள், பக்கத்தில் ஒரு சீனியரை வைத்துக்கொண்டு ஓட்டவும் தொடங்கினாள். சித்தியின் பயம் எப்போது ஆசையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஸ்கோப்பின் மேல் விரல் வைத்த அன்றைக்கே மாறிவிட்டிருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் சுண்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“அம்மா, திங்கக்கிழமை காலைல நான் தனியா ஓட்டுறேன். பக்கத்துல யாரும் இல்ல.”

சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் வந்து பாக்கட்டுமா?”

“உள்ள விட மாட்டாங்கம்மா. கேட் வாசல்ல வந்து நிக்கவும் கூடாது. சொல்லிட்டேன்.”

“உள்ள யாரு வரேன்னா? தண்ணித்தொட்டி மேட்டுலேருந்து பாக்குறேன்.”

துறைமுகக் கால்வாய்க்கு எதிர்க்கரையில் ஒரு குன்று இருக்கிறது, உச்சியில் ஊருக்குத் தண்ணீர் விடும் தொட்டி. அங்கே நின்றால் துறைமுகத்தின் வெளிப்பக்கத் துறையில் நிற்கும் கிரேன்கள் எல்லாம் நேராகத் தெரியும். வெறும் கண்ணுக்குக் கேபின் ஒரு தீப்பெட்டி அளவுகூட இருக்காது.

சுண்டு சிரித்தாள். “அங்கேருந்து என்ன தெரியும் உனக்கு? சரி, பந்தயம். முதல் சுற்று வேலை முடிஞ்சதும் கேபின் கண்ணாடிகிட்ட ஒண்ணு காட்டுவேன். என்ன காட்டினேன்னு சாயங்காலம் நீ சொல்லணும். அக்காவும் உதவக் கூடாது. அன்னிக்கு ஒரு நாள்தான்மா. மறுநாள்லேருந்து எனக்கு உள்பக்கத் துறையில வேலை, குன்றுலேருந்து அது தெரியவே தெரியாது.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த நொடி குரல் இறங்கிவிட்டது. “நீ வேலை செய்யுறத நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். நான் வேலை செய்யுறத நீ ஒரு தடவைகூட பாத்தது இல்லல்ல.”

சித்தி கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அன்று குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள், நாங்களும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

இருந்த சிக்கல் இதுதான். ஸ்கோப் சின்னதுதான், ஆனாலும் கையில் பிடித்தால் பூகம்பம். இதுவரை மொட்டைமாடிச் சுவரில் தலையணை போட்டு, அதன்மேல் வைத்து எதிர்த்தெரு மாடிகளைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள், துறைமுகம் அங்கிருந்து தெரியாது. குன்றின் உச்சியில் சுவர் கிடையாது, ஒரு துருப்பிடித்த கம்பி வேலிதான். ஆக ஸ்கோப்பை நிறுத்தி வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டு, அதாவது ஒரு ட்ரைபாட் வேண்டும். அது ஆடக்கூடாது. கனமாகவும் இருக்கக்கூடாது. வருஷக்கணக்கில் டூல் பை மாட்டி மாட்டிச் சித்தியின் வலது தோள் கெட்டுப்போயிருந்தது, சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குன்றுக்கோ படியாகவே ஏற வேண்டும்.

“நான் தூக்கிட்டு வரேன்,” என்றேன்.

“என் பொண்ணப் பாக்கப் போறேன், நானே தூக்கிட்டுப் போவேன்,” என்றாள். மூன்று கால் வாங்குவதற்கு ஒற்றைக் காலில் நின்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேமரா கடைக்குப் போனோம். குறுகலான கடை, இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, பின்பக்கச் சுவரில் ட்ரைபாட்கள் மடக்கி வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒல்லியான மனிதர், பேச்சு நிதானமாக வரும். சித்தி ஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லதாப் போச்சும்மா. கண்ணு வைக்கிற பக்கம் மேல் நோக்கிச் சாஞ்சிருக்கு. குனிஞ்சு பாக்குற மாதிரி. அதனால ஸ்டாண்டு உங்க கண்ணு உயரத்துக்கு வரணும்னு அவசியம் இல்ல, நெஞ்சு வரைக்கும் வந்தாப் போதும். உயரம் குறைஞ்சா கனமும் குறையும்.”

“நான் குள்ளம் தம்பி, எனக்கு இன்னும் குறையும்,” என்றாள் சித்தி. வந்த வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி அவள் முகத்தில் ஒரு களை.

பிறகு தொடங்கியது கூத்து. ஒவ்வொரு ட்ரைபாடையும் இடது தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கும் பின்சுவருக்கும் நடந்து பார்த்தாள். “இது இரும்பு, இதத் தூக்கிட்டு ஏறினா என்னைத் தூக்க ஆள் வேணும்.” அடுத்தது. “இது பரவால்ல.” அடுத்தது கரி நாரால் செய்தது, கார்பன் என்றார் கடைக்காரர். அதைத் தோளில் மாட்டிய சித்தி, மாட்டவே இல்லையோ என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கார்பனிலும் இரண்டு இருந்தன. ஒன்றின் கால் நான்கு துண்டாக நீளும், மடக்கினால் குடை அளவுதான். இன்னொன்று மூன்று துண்டு, மடக்கினாலும் கொஞ்சம் நீளம். எனக்குக் குடை அளவு பிடித்திருந்தது, எனக்குப் பசியும் எடுத்துவிட்டது. “இத எடுத்துக்கலாம் சித்தி” என்றேன். சித்தி டூல் பையைத் திறந்து டம்ளரை எடுத்தாள்.

“தம்பி, கொஞ்சம் தண்ணி.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் இருந்த லென்ஸ்களைப் பார்த்தேன். இரண்டு ட்ரைபாடையும் விரித்து, உச்சித் தட்டின் மேல் டம்ளரை வைத்து, காலை விரலால் தட்டித் தட்டித் தண்ணீரைக் கவனித்தாள். கேமராவுக்குப் பெல்ட் வாங்க வந்த ஒருவர், பில் போட வந்த ஒரு பெண், எல்லோரும் சுற்றி நின்று டம்ளரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கு துண்டுக் காலில் அலை ஓய நேரமாயிற்று. கடைசித் துண்டு பென்சில் மாதிரி ஒல்லி, அதுதான் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று துண்டுக் காலில் அலை சட்டென்று படுத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நடுக் கம்பியை உயர்த்தி வைத்துத் தட்டியபோது இரண்டுமே ஆடின.

“அத உயர்த்தவே உயர்த்தாதீங்கம்மா,” என்றார் கடைக்காரர். “மூணு கால்ல நிக்கிறத ஒத்தைக் கால்ல நிக்க வைக்கிற மாதிரி.”

கால் முடிவாயிற்று. இனி தலை. ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு திருப்பும் பகுதிக்குப் பெயர் அது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உருண்டைத் தலை. ஒரே ஒரு திருகைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் சாயும், இறுக்கினால் கல். இன்னொன்றில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளே பிசுபிசுப்பாக ஏதோ நிரப்பியிருப்பார்களாம், பிடியைத் தள்ளினால் மெதுவாக வழுக்கிக்கொண்டு நகரும்.

“தூரத்துல நகர்றத ஸ்கோப்புல பாக்கணும்னா கைப்பிடி உள்ளதுதான் நல்லதும்மா,” என்றார்.

சித்தி பிடியைத் தொட்டாள். தலை அசைந்தது. விரலை எடுத்துவிட்டாள், சூடு பட்ட மாதிரி. “இறுக்கியிருக்கு, அப்பவும் அசையுதே.”

“இன்னும் இறுக்கலைம்மா. அது அப்படித்தான் அசையணும்.”

“அசையுற மெஷினைச் சரி பண்ணித்தான் தம்பி நான் சோறு திங்கிறேன். எனக்கே அசையுறத விக்கிறீங்களா?” உருண்டைத் தலையின் திருகை இறுக்கி, டம்ளரை வைத்தாள். தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. “இது. ஒரே திருகு, அத்தனையும் பூட்டிக்குது.” கனமும் குறைவு. நானும் ஆமாம் ஆமாம் என்றேன். கடைக்காரர் மறுபடி ஒரு தரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

கேபின் நகரும் என்று சுண்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த நீளக் கையின் அடியிலேயே கேபினும் கப்பலுக்கும் கரைக்கும் ஓடிக்கொண்டிருக்குமாம். எங்கள் இருவர் மண்டையிலும் அது ஏறவில்லை. சித்தியின் மனசில் சுண்டு ஒரு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒத்திகைக்குக் குன்றேறினோம். வெயில் ஏறினால் தண்ணீர்மேல் சூடு கிளம்பிக் காட்சி நெளியும், சீக்கிரம் போங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தி ட்ரைபாடை இடது தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

விரித்தாள், ஸ்கோப்பை மாட்டினாள், திருகைத் தளர்த்திக் கிரேனைத் தேடினாள். “கிடைச்சிருச்சு” என்று திருகை இறுக்கிக் கையை எடுத்தாள். “போச்சு” என்றாள். இறுக்கியதும் ஸ்கோப் ஒரு நூல் கீழே இறங்கிக் கிரேனுக்குப் பதில் கடலைக் காட்டியது. மறுபடி தேடினாள், கொஞ்சம் மேலே வைத்து இறுக்கினாள். கேபின் கிடைத்தது. உள்ளே வேறு ஒரு டிரைவர், ஆரஞ்சுச் சட்டை. “தெரியுதுடி, சட்டை தெரியுது” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கேபின் கப்பல் பக்கம் ஓடிவிட்டது.

தளர்த்தினால் ஸ்கோப் தூங்கி விழுகிறவன் தலை மாதிரி மூக்கு குப்புறத் தொங்கியது. பிடித்து நிமிர்த்தி, தேடி, இறுக்கினால் கேபின் கரைப் பக்கம் திரும்பி வந்திருந்தது. கரையில் தேடினால் கப்பலில் இருந்தது. ஒரு தடவை திருகு கைநழுவி ஸ்கோப் அப்படியே மடங்கி ட்ரைபாட் காலில் இடித்தது, நான் பாய்ந்து பிடித்தேன். வெயில் ஏறி, காட்சி கொதிக்கும் தண்ணீராக நெளியத் தொடங்கியது. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாளன்னிக்கு அவ காட்டுவா. நான் கடலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்,” என்றாள்.  “சாயங்காலம் அவ கேக்கும்போது என்ன சொல்லுவேன்?”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். “அவர் அன்னிக்கே சொன்னார்ல. நீதான் அசையக் கூடாது அசையக் கூடாதுன்னு குதிச்சே. அசையுறதப் பாக்க அசையாத தலை எதுக்கு?”

சித்தி என்னை முறைத்தாள். பிறகு முறைப்பு என்மேலிருந்து நகர்ந்து ட்ரைபாடுக்குப் போயிற்று. எழுந்து போய்த் தலைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினாள். ஒரு திருகு தட்டுப்பட்டது. “கால் நல்ல கால்தான். தலை தனியாக் கழலுதுடி.”

“மனுஷங்களுக்கும் அந்த வசதி இருந்தா உனக்கு முதல்ல மாத்துவேன்,” என்றேன். சித்தி சிரித்துவிட்டாள். அடுத்த நிமிஷம் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி படியிறங்கினாள்.

கடைக்காரர் சொல்லிக்காட்டவில்லை. உருண்டைத் தலையில் ஒரு கீறலும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடித் தலையை எடுத்து வைத்தார். அதிலும் சின்னதாக ஒன்று இருந்தது, பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஸ்கோப்பை மாட்டி, தட்டில் முன்னும் பின்னும் நகர்த்தி, கையை எடுத்தாலும் மூக்கு தாழாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். “எடை ரெண்டு பக்கமும் சமமா இருந்தா பாதி வேலை முடிஞ்சதும்மா. மீதிக்கு இந்தத் திருகு. எவ்வளவு கஷ்டப்பட்டு நகரணும்னு நீங்களே வெச்சுக்கலாம்.”

சித்தி திருகைச் சுற்றிச் சுற்றிப் பிடியைத் தள்ளினாள். இறுக்கம், தளர்வு, மறுபடி இறுக்கம். சட்டென்று நிறுத்தினாள். “அட. இது நூல் டென்ஷன்.”

“எதும்மா?”

“தையல் மெஷின்ல நூலு ரெண்டு தட்டுக்கு நடுவுல போகும் தம்பி. ரொம்பப் பிடிச்சா அறுந்துரும், விட்டா கொசகொசன்னு சுத்திக்கும். பிடிச்சும் பிடிக்காம இருக்கணும். தினம் நூறு தடவை வெக்கிறேன். வியாழக்கிழமை என் புத்தி எங்க மேயப் போச்சோ.” டம்ளரைப் பற்றிய நினைவே அவளுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயிற்சி. சித்தி மொட்டைமாடியில் ஸ்கோப்போடு, நான் தெருக்கோடியில். கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும், அவள் பின்தொடர்ந்து அது என்னவென்று போனில் சொல்ல வேண்டும். சீப்பு. கத்திரிக்கோல். சோப்பு டப்பா. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “யாருக்கு விக்கிறீங்க இதெல்லாம்?” என்று கேட்டார். சித்தி ஆரம்பத்தில் பத்துக்கு நான்கு சொன்னாள், மத்தியானத்துக்குள் நான் ஓடினாலும் சொன்னாள். மதில்மேல் போன பூனையைத் தெருமுனை வரை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய் விட்டதாகச் சாப்பிடும்போது பெருமையடித்தாள். சுண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாய்க்குள் சிரித்துக்கொண்டு சீக்கிரம் படுக்கப் போனாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ரகளை. சுண்டு இருட்டோடு கிளம்பிப் போயிருந்தாள். சித்தி டூல் பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

“என் டம்ளர் எங்கடி?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து தெருவுல ஆட்டிக் காட்டினியே, எங்கயாவது வெச்சுட்டு வந்திருப்பே.”

“டம்ளர நான் தொடவே இல்ல. அதில்லாமப் பாத்தா கண்ணு தெரியாதா?”

இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஸ்கூட்டரில் ஏறினோம். குன்றின் மேல் காற்று. சனிக்கிழமை காற்றே இல்லை, இன்று கம்பி வேலியே விசில் அடித்தது. ட்ரைபாடின் இலேசு இப்போது எங்களுக்கே எதிரியாகிவிட்டது, ஸ்கோப்பில் கிரேன் குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. நான் சுமந்து வந்த டூல் பையைச் சித்தி ட்ரைபாடின் நடுக் கம்பிக்கு அடியில் இருந்த கொக்கியில் மாட்டினாள். பை காற்றில் ஊசலாடி இன்னும் மோசமாக்கியது. அவள் பதறவே இல்லை. மூன்று கால்களையும் பாதியாகச் சுருக்கி, கால்களை அகலமாக விரித்து, பை தரையில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருக்கும்படி வாரை நீட்டினாள். பிறகு படியில் உட்கார்ந்து ஸ்கோப்பின்மேல் குனிந்தாள். காற்று வரும் பக்கம் என்னை நிறுத்தி வைத்தாள்.

“நான் என்ன சுவரா?”

“ஆமா. அசையாதே.”

கிரேன் கிளம்பியது. எனக்குத் தெரிந்தது ஒரு பெட்டி தூரத்தில் நூலில் தொங்குவது மட்டும்தான். மற்றதெல்லாம் சித்தியின் வாய் வழியாக.

“கேபின் கப்பல் பக்கம் போகுது. போறேன், போறேன், கூடவே போறேன். மஞ்சள் தொப்பி. அவதான். குனிஞ்சிருக்கா. எடுக்குறா. பெட்டி மேல வருது. ஆடுது, ஐயோ ஆடுது, இல்ல, நிறுத்திட்டா. எப்படிடி நிறுத்தினா? பெட்டி வந்த பக்கமே கேபினைக் கொஞ்சம் விட்டா, பெட்டி அடங்கிருச்சு. கரைக்கு வரா.”

“எனக்கும் ஒரு தடவை காட்டு சித்தி.”

“இரு.”

“ஒரே தடவை.”

“சுவரு பேசாது.”

பெட்டி மேல் பெட்டியாகப் போய் வந்தது. என் கால் மரத்துப்போயிற்று. சித்தியின் கை பிடியின்மேல் இருந்தது, தள்ளுகிற மாதிரியே தெரியவில்லை, கேபின்தான் அந்தக் கையை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. எனக்குள்ளேயும் என்னவோ துள்ளிக்கொண்டிருந்தது. நம்ம வீட்டுக் குள்ளக் கத்திரிக்காய், லாரி அளவு பெட்டியைக் கடலுக்கு மேலே கொண்டுபோகிறாள். காற்றில் நின்றுகொண்டு, யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கேபின் கரைப் பக்கம் வந்து நின்றது. கீழே லாரிகள் நகரவில்லை.

“நின்னுட்டா,” என்றாள் சித்தி. “எழுந்துக்குறா. கண்ணாடிகிட்ட வரா. இந்தப் பக்கம் பாக்குறாடி. நம்மளைப் பாக்குறா.” உடனே, “போச்சு, ஒண்ணும் தெரியல.”

“காத்தா? ஆடுதா?”

“கண்ணுல தண்ணி.”

சேலைத் தலைப்பால் கண்ணைத் தேய்த்தாள், மறுபடி குனிந்தாள், மறுபடி தேய்த்தாள். எனக்கு அவளைத் தள்ளிவிட்டு நானே பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அக்கா உதவக் கூடாது என்று சுண்டு சொன்னது நினைவுக்கு வந்து, சுவராகவே நின்றேன்.

சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.  பிறகு அவள் தோள் குலுங்கியது, ஆனால் பிடியைப் பிடித்த கை குலுங்கவில்லை.

“என்ன காட்டுறா?”

கேபின் மறுபடி கப்பல் பக்கம் ஓடிய பிறகுதான் நிமிர்ந்தாள். மூக்கு சிவந்து, வாயெல்லாம் சிரிப்பு. “பந்தயம் எனக்கும் அவளுக்கும்,” என்றாள். இறங்கும்போது படிகளில் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். சித்தி பாடி நான் கேட்டதே இல்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சாயங்காலம் சுண்டு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். விளையாட்டு மாதிரி நின்றாலும் முகத்தில் விளையாட்டு இல்லை.

“சொல்லும்மா. என்ன காட்டினேன்?”

சித்தி அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சுண்டு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“முதல்ல என் டம்ளரக் குடு.”

சுண்டு இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தோள் பையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து அம்மா கையில் வைத்தாள்.

“எங்க வெச்சிருந்தே?” என்று கேட்டாள் சித்தி.

“சீட்டுக்குப் பக்கத்துல. முழுக்க அங்கயேதான் இருந்துச்சு.”

“எவ்வளவு தண்ணி?”

“முக்கால். நீ ஊத்துற அளவுதான்.”

“கடைசில அண்ணாந்து குடிச்சே. மடக் மடக்னு ரொம்ப நேரம் குடிச்சே. பாத்தேன்.” சித்தி டம்ளரைத் துடைத்தாள். “சிந்துச்சா?”

சுண்டு கீழே பார்த்தாள். “ஒரு சொட்டு. முதல் பெட்டியில, ஆடிச்சே, அப்ப.”

“அதையும் பாத்தேன்,” என்றாள் சித்தி. “நிறுத்தினியே, அதையும்தான் பாத்தேன்.” டம்ளரை டூல் பையில் போடப் போனவள், போடாமல் திரும்பி வந்து, மகளின் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.